பொருட்பாடத்துக்கு வந்த ஏலக்காய்

சாந்தன்பாறைக்கு மேலே, பழைய ஏலக்காய்க் கொட்டகையில் நடந்துவந்த பள்ளிக்கூடம் பிழைக்குமா என்பது அன்றைக்கு இன்ஸ்பெக்டர் துரைசுவாமியின் பேனாவில் இருந்தது. அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் சர்க்கார் மானியம் வரும். எழுதாவிட்டால் கொட்டகையில் மறுபடி ஏலக்காய் காயும். வாத்தியார் சுப்பராமன் கல்பாத்தியில் மாமனார் வீட்டோடு போய்ச் சேர வேண்டும். மாமனாரின் வாயை நினைத்தபோதே சுப்பராமனுக்கு வேர்த்தது.

இன்ஸ்பெக்டர் போடிமெட்டிலிருந்து மட்டக்குதிரையில் வந்து இறங்கினார். ஜரிகைத் தலைப்பாகை, கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு. பொருட்பாடம் என்ற போதனாமுறையைப் பற்றி நாற்பது பக்கத்தில் புத்தகம் எழுதியவர். அவரைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாகத் தகவல் இல்லை.

"புஸ்தகத்தை மூடும், ஓய்! பொருளைக் கண்ணில் காட்டினால் குழந்தை தானே பேசும். அதுதான் சாஸ்திரம்" என்றவர், வரும் வழியில் கிள்ளிய பச்சை ஏலக்காயைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இது என்ன?"

இருபத்தேழு பிள்ளைகள். நடக்கப் பழகுமுன்பே ஏலச்செடிக்கடியில் தவழ்ந்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாலைந்து பேர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஏலத்தோட்டத்தில் ஏலக்காய் தெரியாத குழந்தைகள்! பேஷ்!" இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்துப் பேனாவை உதறினார்.

சுப்பராமன் முன்வரிசையில் இருந்த முத்துப்பேச்சியிடம் குனிந்தார். "சொல்லேண்டி கொழந்தே! நோக்குத் தெரியாதோ?"

"தெரியும் வாத்தியாரய்யா. காட்டிக் குடுத்தா அவுகள அடிப்பாகளே!"

சுப்பராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. காய் எடுப்புக் காலத்தில் அந்தியில் கொம்பு ஊதினால் கங்காணி தோட்டத்து ஆள்களை வரிசையாக நிறுத்தி மடியை அவிழ்த்துச் சோதிப்பார். ஒரு பச்சைக்காய் அகப்பட்டாலும் அடி, அதோடு சீட்டும் கிழியும். பிள்ளைகள் இத்தனை நேரமும் ஒரு திருடரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க பாக்கல சாமி. சட்டுனு மடியில போட்டுக்குங்க" என்றாள் முத்துப்பேச்சி, இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஆதரவாக.

"மடியத்தான் மொதல்ல அவுப்பாக, கூறுகெட்டவளே!" என்றான் பின்வரிசைச் சகாயம். "தலப்பாவுல சொருகுங்க சாமி. அதுவும் எளங்காயி! உள்ள வெத வெள்ளையா இருக்கும். ரெண்டு அடி சேத்து விழும்."

"நான் யார் தெரியுமாடா?" என்று இன்ஸ்பெக்டர் தொடங்கும்போதே வாசலில் இருமல் கேட்டது. குருசாமிக் கங்காணி, கையில் சோதனைப் பிரம்போடு.

"கும்புடுறேன் சாமி. பங்களாவுல சாப்பாடு ரெடின்னு வெள்ளக்காரத் தொர சொல்லிவிட்டாரு."

துரையின் விருந்தாளி. துரையின் ஏலக்காய். இன்ஸ்பெக்டரின் கை தன்னால் வாய்க்குப் போனது; காய் உள்ளே மறைந்தது. கங்காணி மூக்கை உறிஞ்சினார்.

"ஏலக்கா வாசம் அடிக்குதே?"

"கொட்டகை வாசனை, கங்காணி. பழைய கொட்டகையோன்னோ!" என்றார் சுப்பராமன், வாழ்நாளில் முதல்முறையாகத் தடுமாறாமல்.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்க வழியில்லாமல், கண்ணில் நீர் மல்க, நின்றபடியே எழுதினார்: 'மாணவர்களின் கூர்நோக்கு அபாரம். மானியத்துக்குச் சிபாரிசு செய்கிறேன்.' எழுதி முடித்து, கண்ணை மூடி, தொண்டை ஏறி இறங்க ஒரே விழுங்கு. நேராகக் குதிரையிடம் போனார்.

குதிரை மறையும்வரை பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"தோலத் துப்பியிருந்தா மாட்டியிருப்பாரு" என்றான் சகாயம். "முழுசா முழுங்குனாரு பாரு! பழக்கப்பட்ட ஆளுதான்டா."