முனியன் வண்டியின் திருகுக்கம்பி

சடையன் சுத்தியலால் ஓங்கி அடித்த அடியில் சைக்கிளின் கப்பு பிளந்துவிட்டது.

சத்தம் சின்னதுதான். ஆனால் மாடுகளுக்கு அருகில் நின்றிருந்த முனியன் சட்டென்று திரும்பினான். கோணியில் படுத்திருந்த பாஞ்சாலையும் கண்ணைத் திறந்தாள்.

"இன்னாடா சத்தம்?"

"கப்பு ஒடைஞ்சிட்ச்சி மாமா."

"வேற இருக்குதா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"அதையும் ஒடைச்சிட்டு வா. நான் வண்டியப் பூட்றேன்."

முனியன், சடையனுடைய அக்கா பாஞ்சாலையின் புருஷன். உச்சிவெயிலில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவளின் கணுக்காலைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளத்தது. பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. மலையடிவாரத்து அமிர்தியில் பொழுது சாயும் நேரத்தில் வேலூர் பஸ் கிளம்பும். அதை விட்டால் மறுநாள் காலைதான். மறுநாள் காலை வரை பாஞ்சாலை இருப்பாளா என்பதை இரண்டு பேருமே வாய்விட்டுப் பேசவில்லை.

டோலி கட்டித் தூக்க ஆள் கிடையாது. ஊர் ஆண்கள் எல்லாரும் காட்டில் மரம் வெட்டப் போயிருந்தார்கள். எழுபத்தேழு தேர்தலுக்கு வந்துபோன ஜீப்புக்குப் பிறகு இந்த மலைக்கு வேறு வண்டி வந்ததில்லை. முனியனுக்கோ கட்டைவண்டிச் சக்கரத்தில் நசுங்கிய வலது கால். ஓட முடியாது. மிச்சம் இருந்தவை இரண்டுதான்: அவனுடைய மாட்டு வண்டி, சடையனுடைய சைக்கிள்.

சைக்கிள் காலையிலேயே கழுத்தொடிந்து கிடந்தது.

மலைக்காரர்கள் மூட்டையைக் கேரியரில் வைக்க மாட்டார்கள். ஏற்றத்தில் தள்ளும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும் என்று ஹேண்டிலில் கட்டுவார்கள். ஏற்றத்துக்கு அது சரி. அப்படியே இறக்கத்தில் விட்டால் மொத்தப் பாரமும் ஹேண்டில் குழாயின் அடியிலிருக்கும் கப்பின் மேல் விழும். கப்பு என்பது ஒரு இரும்புக் கிண்ணம். அதற்குள் உருளும் குண்டுகள் மேல்தான் ஹேண்டிலே திரும்பும். அது உடைந்தால் ஹேண்டில் இறுகிப்போகும். இதற்காக ஊரையே திட்டுகிறவன் சடையன். இன்று காலையில் சோம்பல்பட்டு, தானே சாமை மூட்டையை ஹேண்டிலில் கட்டிக்கொண்டு இறக்கத்தில் விட்டான்.

இப்போது அவசரத்தில் புதுக் கப்பையும் உடைத்தாகிவிட்டது.

"வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிடும் மாமா."

"உன் சைக்கிளு செத்துக் கெடக்குது. என் வண்டி நிக்குது. எது போவும்னு நீயே சொல்லு."

"ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டு சொல்லுங்க," என்றாள் பாஞ்சாலை, கண்ணை மூடியபடி. "அது வரைக்கும் நான் சாவாம இருக்கறேன்."

சடையன் கடைசிக் கப்பைக் கையில் எடுத்தான். சுத்தியலால் ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் தூக்கிக்கொள்கிறது. கோணலாக நுழைந்த கப்பு அடுத்த அடியில் பிளந்துவிடும். இதுவும் பிளந்தால் அவ்வளவுதான். வேலூரில் ஒரு கடையில் பார்த்திருக்கிறான்: குழாய்க்குள் நீளமான திருகை விட்டு, இரண்டு பக்கமும் தகடு வைத்து நட்டை முடுக்குவார்கள். கப்பு அசையாமல் நேராக உள்ளே போகும். அந்தத் திருகுக்கு இந்த மலையில் எங்கே போவது?

அவன் பார்வை வண்டியின் பின்புறம் போய் நின்றது. இறக்கத்தில் சக்கரத்தை அமுக்குகிற பிரேக் கட்டை. அதை இழுக்கும் திருகுக்கம்பி. முழ நீளம், முழுக்கத் திருகு மரை.

"மாமா, பிரேக் கம்பியக் கழட்டிக் குடு."

முனியன் அவனை முறைத்தான். "கழட்டினா வண்டி எறங்காது. உன் வேலையும் ஆவலைன்னா? ரெண்டும் இல்லாம அவளை மடியில வெச்சிகினு ஒக்காந்திருக்கச் சொல்றியா?"

"சுத்தியால ஆவாது மாமா. பார்த்தல்ல. இது ரெண்டு பக்கமும் சமமா அமுக்கும்."

"ஆவும்னு சத்தியமா சொல்லு."

சடையன் கையிலிருந்த கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பாஞ்சாலை இருமினாள். உதட்டோரம் சிவப்பாக வழிந்தது. முனியன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

கம்பி குழாய்க்குள் சுலபமாக நுழைந்தது. மேலே ஒரு பட்டைத் தகடு. கீழே கப்பு, அதற்கும் அடியில் இன்னொரு தகடு, நட்டு. சடையன் முடுக்கினான். கப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடனே தளர்த்தி, கட்டையால் மெல்லத் தட்டி நேராக்கி, மறுபடியும் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினான். கப்பு இம்மி இம்மியாக உள்ளே போனது.

நகம் கனம் மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது. நட்டு கிறீச்சிட்டது. இரும்புத் தூள் உதிர்ந்தது.

"மரை போவுது மாமா. இன்னும் முடுக்கினா உன் வண்டிக்கு பிரேக்கே இல்லாம போயிடும்."

"இப்படியே ஓட்டினா?"

"மொத வளைவுலயே கப்பு கழண்டுக்கும்."

முனியன் அவனைத் தள்ளிவிட்டு ஸ்பானரைப் பிடித்தான். நசுங்கிய காலைத் தரையில் ஊன்றி, உடம்பு பாரம் முழுவதையும் ஸ்பானர் மேல் சாய்த்தான்.

டக்.

கப்பு உட்கார்ந்துவிட்டது. வெளியே எடுத்த கம்பியில் மரை தேங்காய்த் துருவலாக உரிந்திருந்தது. முனியன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிரீஸ் தடவிக் குண்டுகளைப் பதித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாட்டி, மேல் நட்டை இறுக்கினான் சடையன். ஹேண்டில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. கேரியரில் பாஞ்சாலையை உட்காரவைத்து, சடையன் முதுகோடு தன் துண்டால் சேர்த்து இறுக்கிக் கட்டினான் முனியன்.

"கண்ண மூடாத புள்ள. பின்னாலயே வர்றேன்."

இறக்கம் விழுங்க வந்தது. சரளைக் கற்கள் தெறித்தன. ஒவ்வொரு வளைவிலும் சடையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் கப்பு தாங்கியது. பாஞ்சாலை பாதி வழி வரை மாட்டுக்குத் தண்ணி காட்டவில்லையே என்று புலம்பினாள். பிறகு புலம்பலும் நின்றது.

"அக்கா, எதுனா பேசு. என்னைத் திட்டு."

சட்டையின் பின்புறம் மட்டும் ஈரமாகிக்கொண்டே வந்தது.

மரங்கள் விலகியபோது கீழே பஸ் கிளம்பி வருவது தெரிந்தது. சடையன் கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குச் சற்று முன்னால் தார் ரோட்டில் ஏறினான். துண்டு முடிச்சு அவிழவில்லை. அக்காவை முதுகில் சுமந்தபடியே இறங்கி, சைக்கிளை நடு ரோட்டில் தள்ளிவிட்டான்.

பஸ்ஸின் முன்சக்கரம் அதன் மேல் ஏறி நின்றது. ஹேண்டில், குழாய், கப்பு எல்லாம் சேர்ந்து நொறுங்கியது.

"எந்தப் பேமானிடா அது?" என்று இறங்கிவந்த டிரைவர், சடையனுடைய தோளில் சாய்ந்திருந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். "ஏத்துய்யா, சீக்கிரம்."

படியில் தூக்கியபோது பாஞ்சாலையின் உதடு அசைந்தது. சடையன் காதைக் கொடுத்தான்.

"அவரு வண்டிய எறக்குவாருடா... பிரேக் இல்லாம. யாரயாச்சும் அனுப்பி நிறுத்து."

சடையனுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னாலயே வர்றேன் என்றவன் சொன்னால் செய்கிறவன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டீக்கடை முன்னால் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான்: "மேல ஓடுங்கய்யா. முனியனை வண்டிய எறக்க வாணாம்னு சொல்லுங்க. பஸ்ஸு கெடச்சிட்ச்சின்னு சொல்லுங்க."

இரண்டு பேர் மலைப்பாதையில் ஓடுவது தெரிந்தது. பஸ் வேகம் எடுத்தது.

கண்டக்டர் துண்டை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவளுடைய மூச்சு சடையனின் பிடரியில் விட்டு விட்டுப் பட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்துக்கொண்டு, வேலூர் வரும்வரை அவன் அசையாமல் இருந்தான்.