பையன் பாடட்டும்

ரோலண்ட் கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தான். அடியில் வெள்ளை ஒட்டுநாடாவை ஒட்டி, பேனாவால் எங்கள் இருவர் பெயரையும் எழுதினான்: டெல்மர், ரோலண்ட்.

“ஒரு பேரு போதும்டா. பாத்திரம் திரும்பி வந்தாச் சரி,” என்றேன்.

“சமைக்கப்போறது நான். உன் பேர மட்டும் போட்டா பொய்ச்சாட்சி ஆயிடும்.”

எங்கள் ஊர்ச் சபையில் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, வெளியூர் போனவர்கள் எல்லாரும் திரும்பிவரும் நாள். ஆராதனை முடிந்ததும் ஓக் மரத்தடியில் நீள மேசை போட்டுச் சாப்பாடு. நாற்பது பாத்திரமாவது வரும். மாறிப்போகாமல் இருக்க எல்லாரும் அடியில் பெயர் ஒட்டுவார்கள். ஒட்டாவிட்டாலும் எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் அங்கே போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு வானொலிப் பேட்டியில், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ரோலண்ட், என் துணை என்றேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து சர்ச்சுக்குப் போவோம் என்றேன். பத்து வினாடி ஆகியிருக்கும். அதற்குப் பிறகு கென்டக்கியிலும் டென்னசியிலும் என் பாட்டை யாரும் வானொலியில் போடவில்லை. இசைத் திருவிழாக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடிதங்கள் மட்டும் வந்தன. பாதிப் பேர் அவனை விடு என்று எழுதினார்கள். மீதிப் பேர், உன்னை மதிக்காத கர்த்தரை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய், அவரை விடு என்று எழுதினார்கள். இரண்டும் முடியாததால், நாஷ்வில்லில் பார்களின் பின்கட்டில் முப்பது பேருக்குப் பாடிக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பாட்டு எப்போதும் பக்திப் பாட்டுதான். அப்போது சிலர் எழுந்து போய்விடுவார்கள்.

ஜூலையில் அம்மா போன் செய்தாள். அவளுக்குப் பார்வை போய் இரண்டு வருஷம்.

“இந்த வருஷம் வாடா டெல். உன் பாட்டு வெச்சிருக்காங்க.”

“‘ஆத்தோரம் விளக்கு’ பாட்டாம்மா? நான் பாடணுமா?”

“நீ வா. மத்தத பாஸ்டர் பாத்துக்குவாரு.”

அவளுக்காக இருபத்திரண்டு வயதில் நான் எழுதிய பாட்டு அது. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். அன்று ஐந்து கட்டையில் பாடினேன். இப்போது என் குரல் மூன்று கட்டைக்கு இறங்கிவிட்டது. கொஞ்சம் கரகரப்பு, அடியில் கொஞ்சம் மண். இந்தக் குரலில் நான் பாடி அம்மா கேட்டதில்லை. கண் இல்லாதவளுக்கு நான் இன்று எப்படி இருக்கிறேன் என்று காட்ட வேறு என்ன வழி? ஒரு மாதம் முழுக்கப் புதுச் சுருதியில் பாடிப் பழகினேன். புதுத் தந்தி மாற்றினேன். ஐந்து மணி நேரப் பயணம் முழுவதும் ரோலண்ட் மடியில், துண்டில் சுற்றிய சோளப் புட்டிங் இளஞ்சூடாக இருந்தது.

பாஸ்டர் ராட்லிஃப் சர்ச் படிக்கட்டிலேயே நின்றிருந்தார். கைகுலுக்கிய பிறகு கிட்டார்ப் பெட்டியைப் பார்த்தார்.

“அத வண்டியிலயே வெச்சிடு தம்பி.”

“பாட்டு இருக்குன்னு அம்மா சொன்னாங்களே.”

“இருக்கு. பாட்டு இருக்கு. ஆனா பீடத்துல நீ ஏற முடியாதில்ல? சபைய நடத்தற டீக்கன்மார் தீர்மானம். உனக்கே தெரியும்.”

“கீழ நின்னு பாடறேன்.”

“எதுக்கு? உன் ரெக்கார்டு இருக்கே, அதப் போடறோம். எவ்வளவு ஆசீர்வாதமான பாட்டு!”

ரோலண்ட் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். “அப்ப, ஸ்பீக்கர் வழியா வந்தா பரிசுத்தம். தொண்டை வழியா வந்தா பாவம். அப்படித்தானே பாஸ்டர்?”

பாஸ்டர் முகம் சிவந்தது. “டெல்மர், எல்லாம் என் தலையில போடாத. உங்க அம்மாவக் கேளு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்போது எனக்கு அது புரியவில்லை.

அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ரோலண்ட் எனக்கு அந்தப் பக்கம். எங்கள் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. முன்வரிசையிலிருந்து ஓப்பல் சித்தி திரும்பிப் பார்த்து, “பாருடா, தாடியெல்லாம் நரைச்சுப்போச்சு. உங்கப்பன் மாதிரியே கிழவனாயிட்ட,” என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவனை அவள் கண் தாண்டிப் போனது.

பிரசங்கத்துக்கு முன் ஸ்பீக்கர் கொரகொரத்தது. ஸ்டீல் கிட்டார் இழைந்தது. பிறகு அவன் வந்தான், அந்த இருபத்திரண்டு வயதுக்காரன். எவ்வளவு தெளிவான குரல்! எவ்வளவு பெரிய பொய்யன். அந்த நாட்களில் இரவெல்லாம் முழங்காலில் நின்று, என்னை மாற்றும் ஆண்டவரே என்று கெஞ்சிக்கொண்டிருந்தவன் அவன்.

கைகள் உயர்ந்தன. கிழவர்கள் ஆமென் என்றார்கள். என்னோடு கைகுலுக்காத டீக்கன் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இரண்டாம் சரணத்துக்கு முன் அந்தப் பையன் மூச்சு இழுப்பான். என் நெஞ்சும் தானாக இழுத்தது.

மூன்றாம் சரணத்தில் தாங்க முடியவில்லை. அவன் குரலுக்கு அடியில், என் இன்றைய குரலில், மெல்லச் சேர்ந்துகொண்டேன். பீடத்தில் அல்ல, இருந்த இடத்தில்தான். அம்மாவின் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது.

“ஷ்ஷ். சும்மா இரு. பையன் பாடட்டும்.”

வாயை மூடிக்கொண்டேன்.

மரத்தடியில் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். குனிந்து கேட்டேன். “ரெக்கார்டு போடச் சொன்னது நீயாம்மா?”

“பாஸ்டர் பாவம், அவரத் திட்டாத. டீக்கனுங்க கூட, கீழ நின்னு பாடினா பரவால்லன்னாங்க. நான்தான் ரெக்கார்டு போதும்னேன்.”

“ஏம்மா?”

“அதுல நீ இன்னும் எங்கள விட்டுப் போகல.”

“இங்கதானேம்மா நிக்கறேன்.”

“நிக்கற,” என்றாள்.

மேசையில் கோழி வறுவல் தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. உருளைக்கிழங்கு சாலட் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. நடுவில் ரோலண்டின் சோளப் புட்டிங், பொன்னிறம் கலையாமல், கரண்டி படாமல் இருந்தது. ஓப்பல் சித்தி அம்மாவின் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“சோளப் புட்டிங் வாசனை வருதே ஓப்பல். கொஞ்சம் வையேன்.”

சித்தி பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூசாமல் சொன்னாள்: “தீந்துபோச்சுக்கா.”

நான் கரண்டியை எடுத்து, நடுவில் குத்தி ஒரு கரண்டி அள்ளி, அம்மாவின் தட்டில் வைத்தேன். அவள் முள்கரண்டியால் தேடி எடுத்து வாயில் வைத்தாள்.

“யாரு பண்ணது?”

“ரோலண்ட்.”

மெல்லுவது நின்றது. துப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் கழித்து விழுங்கினாள்.

“உப்பு கம்மி,” என்றாள். தட்டைச் சித்தியிடம் நீட்டிவிட்டாள்.

திரும்பும்போது பாத்திரம் மறுபடியும் ரோலண்ட் மடியில் இருந்தது. நடுவில் ஒரே ஒரு குழி. அறுபது மைல் தாண்டியதும் அவன் விரலால் ஓரத்தைத் தோண்டி ருசி பார்த்தான்.

“அடுத்த வருஷமும் வரணுமா டெல்?”

“உப்பு கூடப் போடு,” என்றேன்.