அட்டையில் முப்பத்தொன்று

டெய்லரக்கா போன தடவை பெயிலானது ஒரு மாமியாரால். அவளுடைய மாமியார் இல்லை, பரீட்சைக்கென்று வந்து படுத்திருந்த கர்ப்பிணியின் மாமியார். "பசி எடுக்குதா", "தூக்கம் வருதா", "கால் வீங்குதா" என்று இவள் கேட்கக் கேட்க அந்த அம்மாள் மடமடவென்று பதில் சொல்ல, இவளும் கை வலிக்க வலிக்க மூன்று பக்கம் எழுதித் தள்ளினாள். கால் வீக்கம், முதுகுப் பிடிப்பு, போன மாசம் கடைவாய்ப்பல் பிடுங்கியது வரைக்கும். எக்ஸாமினர் முழுக்கப் படித்துவிட்டு அடியில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதினார்: "இதில் கர்ப்பிணி யார்?"

வகுப்பே அந்த வரியை மனப்பாடம் செய்துவிட்டது. கேன்டீனில் டெய்லரக்கா தட்டோடு வந்து உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருத்தி மெதுவாக "இதில் கர்ப்பிணி யார்" என்பாள். மற்றவர்களுக்கெல்லாம் டீ மூக்கு வழியாக வரும்.

முப்பத்திரண்டு வயது. பதினொரு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஊருக்கே உடுப்புத் தைத்தவள். தங்கச்சிக்குப் பிரசவம் பார்த்த மிட்வைஃபின் கை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இதுவல்லவா வேலை, நாம் செய்வதெல்லாம் ஓரம் அடிப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டி, மெஷினைத் தங்கச்சியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு வயது இளைய பிள்ளைகளோடு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது. இதுவும் போனால் மிட்வைஃப் கனவை மடித்து வைத்துவிட்டு, தங்கச்சியிடம் போய் மெஷினைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

இருபது நிமிஷம். கர்ப்பிணியிடம் பேசி விவரத்தாள் நிரப்ப வேண்டும், வயிற்றைப் பரிசோதிக்க வேண்டும், எத்தனை வாரம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் ஒரு பெண். அவளுக்கு இடப்பக்கம் ஓர் அம்மாள். வலப்பக்கம் இன்னோர் அம்மாள். டெய்லரக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போன தடவை ஒன்று, இந்தத் தடவை ஜோடியாக.

"கூட ஒருத்தர் இருந்தா போதும்மா," என்றாள்.

"அதத்தான் நானும் சொன்னேன் நர்ஸம்மா," என்றார் இடப்பக்கத்து அம்மாள். "பெத்தவ நான் இருக்கேன். சம்மந்தி பாவம், முட்டி வலியோட எதுக்கு அலையணும்."

"முட்டி உக்காந்தா சரியாயிடும்," என்று வலப்பக்கத்து மாமியார் ஸ்டூலைக் கட்டிலோரம் இன்னும் ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சம்மந்திதான் பாவம், ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. வெளிய போய் காத்தாட உக்காரட்டும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை வைத்துக் காய் நறுக்கலாம்.

டெய்லரக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எக்ஸாமினரைப் பார்த்தாள். ஒல்லியான மனுஷி, மடியில் மார்க் ஷீட். "சொந்தக்காரங்கள சமாளிக்கிறதும் பரீட்சைல சேர்ந்ததுதான்," என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிச்சாச்சு."

டெய்லரக்கா குனிந்து, அந்தப் பெண்ணின் கண்ணை மட்டும் பார்த்துக் கேட்டாள். "குழந்தை நல்லா அசையுதாம்மா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"காலையில நல்லா உதைக்குது," என்றார் அம்மா.

"சாயங்காலம்தான் உதைக்கும்," என்றார் மாமியார். "காலையில எங்க? எங்க வீட்ல பத்து மணி வரைக்கும் அவள எழுப்புறதே இல்ல."

"எங்க வீட்ல ஆறு மணிக்கு எழுந்திருச்ச பொண்ணு."

"அப்போ எழுப்பி விட்டிருக்கீங்க. பாவம்."

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். பழகிய மூடல். திறந்ததற்கு அடையாளமே இல்லை.

எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்று கேட்டதற்கு இடது என்று ஒருவரும் வலது என்று ஒருவரும் சொன்னார்கள். சாப்பாடு இறங்குகிறதா என்றதற்கு, எந்த வீட்டில் இறங்குகிறது என்ற விவாதம் வந்தது. ஐந்து நிமிஷம் போயே போய்விட்டது. விவரத்தாளில் அந்தப் பெண்ணின் வயது மட்டும் இருந்தது, அதுவும் அவளுடைய கர்ப்பகால அட்டையைப் பார்த்துக் காப்பியடித்தது.

அட்டை வேறு ஆஸ்பத்திரியில் போட்டது. போன வாரம்தான் இங்கே மாறியிருக்கிறார்கள். கடைசி மாதவிடாய்த் தேதிப்படி இன்றைக்கு முப்பத்தொரு வாரம். ஸ்கேன் என்ற கட்டத்தில் மூன்று தடவையும் ஒரே கையெழுத்தில் "ரிப்போர்ட்டை வீட்டில் மறந்துவிட்டார்" என்று இருந்தது.

சரி, வாய் பேசாவிட்டால் வயிறு பேசட்டும் என்று டேப்பை எடுத்தாள். பழக்க தோஷத்தில் "கைய லேசா தூக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

"கைய தூக்கக் கூடாது," என்றார்கள் இரண்டு பேரும், ஒரே மூச்சில். "கொடி சுத்திக்கும்." ஒத்துப்போய்விட்டோமே என்று இருவருக்கும் சங்கடமாகிவிட்டது.

"கைய தூக்கினா கொடி சுத்தாதும்மா," என்றாள் டெய்லரக்கா. "கைக்கும் கொடிக்கும் சம்மந்தமே இல்ல." யாரும் நம்பவில்லை.

வயிற்றை அளக்கும்போது டேப்பில் எண் தெரிகிற பக்கத்தைக் கீழே போட வேண்டும். எண் தெரிந்தால் கண் தனக்குப் பிடித்த இடத்தில் போய் நின்றுவிடும் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் மேல் விளிம்பு வரைக்கும் இழுத்து, விரலால் பிடித்து, திருப்பிப் பார்த்தாள். முப்பத்தாறு சென்டிமீட்டர்.

முப்பத்தொரு வாரத்துக்கு முப்பத்தொன்று வர வேண்டும். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். ஐந்து கூடாது. மறுபடி அளந்தாள். மறுபடியும் முப்பத்தாறு.

பதினொரு வருஷத்தில் தன் இடுப்பளவை ஒத்துக்கொண்ட ஒரு ஆளைக்கூட அவள் பார்த்ததில்லை. முப்பத்தாறு வந்தால் "முப்பத்திரெண்டு போடுங்கக்கா, எப்படியும் மெலிஞ்சிடுவேன்" என்பார்கள். அவளும் நோட்டில் முப்பத்திரண்டு என்று எழுதுவாள், முப்பத்தாறுக்குத் தைப்பாள். எல்லோருக்கும் சந்தோஷம். இப்போதும் முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டால் அட்டையோடு ஒட்டிப்போகும், எக்ஸாமினர் தலையாட்டுவார், கதை முடிந்தது. பேனாவை எடுத்தும்விட்டாள். ஆனால் இங்கே நோட்டில் ஒன்று, துணியில் ஒன்று என்று வைத்துக்கொள்ள முடியாதே. பேனாவை வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்தாள்.

குழந்தையின் முதுகு ஒரு பக்கம், குட்டிக் கால்கள் மறுபக்கம். கீழே தலை. இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. தலைப்பிள்ளைக்கு முப்பத்தொரு வாரத்தில் தலை தண்ணீரில் பந்து மாதிரி மிதக்கும். இது இடுப்பெலும்புக்குள் இறங்கி ஜம்மென்று சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தது.

தலை நிமிர்ந்தாள். அந்தப் பெண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேள்வித்தாளைத் திருடிவிட்டு டீச்சரைப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

சரி, இதில் ஏதோ இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு ரேடியோவுக்கு நடுவில் எப்படிக் கேட்பது?

டெய்லரக்கா மரக்குழலை எடுத்தாள். ஒரு முனையை வயிற்றில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால் குழந்தையின் இதயம் கேட்கும். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் எனக்கு ஒரு உதவி பண்ணணும். பெரியவங்க நாடி எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் குழந்தை துடிப்ப நான் பிரிச்சு எடுக்க முடியும். ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிங்க. கண்ண மூடிட்டு, மனசுக்குள்ள ஒரு நிமிஷம் எண்ணணும். வாய் பேசினா கணக்கு போயிடும்."

அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை எக்ஸாமினரின் புருவம் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் புருவம் எதுவும் சொல்லவில்லை. சம்மந்திகள் கட்டிலுக்குக் குறுக்கே கை நீட்டி, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக் கண்ணை மூடினார்கள். கல்யாணத்தன்றுகூட இப்படிக் கை பிடித்திருக்க மாட்டார்கள்.

அறை அமைதியாயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ மெஷின் மிதிப்பதுபோல் குழந்தையின் துடிப்பு கேட்டது. நூற்று நாற்பத்திரண்டு. அருமையான ஓட்டம்.

"அக்கா," என்று காதோரம் ஒரு குரல். காற்றை விடச் சன்னமாக. "அட்டையில தேதி தப்பு."

"எவ்வளவு?"

"ஆறு வாரம். மூணாவது மாசம் வரைக்கும் யாருக்கும் சொல்லல. சொன்னா ரெண்டு பேரும் பொட்டியோட வந்துடுவாங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கான்ஃபரன்ஸ் கால் போட்டோம், ஒருத்தருக்கு முன்னாடி சொன்னோம்னு சண்ட வரக் கூடாதுன்னு. எத்தனை நாளாச்சுன்னு கேட்டாங்க. இவரு பயத்துல ஒன்றரை மாசம்னு சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரிக்கும் ரெண்டு பேரும் கூடவே வந்தாங்களா, அங்கயும் அதே தேதிய சொல்லிட்டேன்."

"எழுபத்தி நாலு," என்று மாமியார் கண்ணைத் திறந்தார். "எனக்கு எவ்வளவு சம்மந்தி?"

"தொண்ணூத்தி எட்டு."

"எனக்கா? என் ஜென்மத்துல வந்ததில்ல. மறுபடி எண்ணுங்க."

"எண்ணுறேன். கோபப்படாதீங்க, அதுக்கும் ஏறும்."

கண்கள் மூடின. எண்ணத் தெரியாத அந்த அம்மாவுக்கு டெய்லரக்கா மனசுக்குள் கும்பிடு போட்டாள். அப்போதுதான் அவள் உள்ளங்கைக்குக் கீழே வயிறு மெல்ல இறுகியது. இறுகி, கல்லாகி, நாற்பது விநாடி நின்று, தளர்ந்தது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இது எப்போலேர்ந்து?"

"காலையிலேர்ந்துக்கா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ. வாயுன்னு நினைச்சேன். அக்கா, தேதிய மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"நான் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டாள் டெய்லரக்கா. சொன்ன பிறகுதான், எதை விற்று எதை வாங்கினோம் என்று உறைத்தது.

எழுந்து நின்றாள். "மேடம், இவங்களுக்குப் பிரசவ வலி வந்திருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு, நாப்பது செகண்ட் நிக்குது. தலை இறங்கிடுச்சு. குழந்தை துடிப்பு நல்லா இருக்கு."

சம்மந்திகள் நாடியைக் கைவிட்டார்கள்.

"வலியா? ஏழு மாசம்தானே ஆகுது," என்றார் அம்மா, முகம் வெளுத்து.

எக்ஸாமினரும் எழுந்துவிட்டார். "எத்தனை வாரம்?"

"என் கைக்கு முப்பத்தேழு."

"அட்டை முப்பத்தொண்ணு சொல்லுது. முப்பத்தொண்ணுன்னா ஆம்புலன்ஸ் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், குழந்தை நுரையீரலுக்கு இப்பவே ஊசி போடணும். முப்பத்தேழுன்னா இங்கயே வார்டு போதும். எதை வச்சு முப்பத்தேழுங்கறீங்க?"

"டேப்பு. தலை. கை."

"பெரிய குழந்தையாக்கூட இருக்கலாமே. ரெட்டையா இருக்கலாம். அவங்க என்ன சொன்னாங்க?" எக்ஸாமினர் விவரத்தாளைப் பார்த்தார். வயதைத் தவிர மீதியெல்லாம் வெள்ளை. "ஒண்ணுமே எழுதலையே."

"கேட்டேன் மேடம். அவங்க சொன்னாங்க. எழுதுறது என் கையில இல்ல. ஒரு அஞ்சு நிமிஷம் அவங்கள தனியா பாருங்க."

"விவரம் எழுதாம மார்க் போட முடியாது. இது உங்களுக்குக் கடைசி தடவ, தெரியும்ல?"

"தெரியும் மேடம்," என்றாள் டெய்லரக்கா. மெஷின் எந்த மூலையில் கிடக்கிறதோ, தங்கச்சி எண்ணெய் போட்டாளோ இல்லையோ என்று சம்பந்தமில்லாமல் ஒரு யோசனை ஓடியது.

"ஆம்புலன்ஸ கூப்பிடுங்க நர்ஸம்மா," என்று மாமியார் அழவே ஆரம்பித்துவிட்டார். "ஏழு மாசக் குழந்தைய என்ன பண்ணுவோம்."

"ஏழு மாசம் இல்ல அத்தை."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிலில் இருந்தவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒன்பது மாசம். ஆறு வாரம் குறைச்சு சொன்னேன். அந்தக்கா கை சொல்றதுதான் சரி. எழுதிக்கோங்கக்கா." தேதியைச் சொன்னாள். நாள், கிழமை உட்பட.

இரண்டு அம்மாக்களும் விரல் விட்டு எண்ணினார்கள். ஒரே சமயத்தில் ஒரே விரலில் வந்து நின்றார்கள்.

"அப்போ போன்ல சொன்னப்போ மூணு மாசமா," என்றார் அம்மா. சட்டென்று மாமியார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சம்மந்தி?"

"சத்தியமா தெரியாது சம்மந்தி. உங்களுக்கு?"

"என் பொண்ணு மேல சத்தியமா தெரியாது."

இருவர் முகத்திலும் ஒரு பெரிய நிம்மதி பரவியது. "என் புள்ளய கேக்குறேன் இருங்க," என்றார் மாமியார். "என் பொண்ணையும் சேர்த்துக் கேளுங்க," என்றார் அம்மா.

"அப்புறம் கேளுங்க," என்றாள் அந்தப் பெண். "இப்போ நான் பேசிட்டிருக்கேன். எழுதுறீங்களாக்கா? குழந்தை காலையிலயும் உதைக்காது, சாயங்காலமும் உதைக்காது. மத்தியானம் ரெண்டு மணிக்கு உதைக்கும். இடது பக்கமும் படுக்கல, வலது பக்கமும் படுக்கல, ஒரு வாரமா உக்காந்துதான் தூங்குறேன். மாத்திர ஒழுங்கா போடுறேன். ஸ்கேன் ரிப்போர்ட் மூணும் அவரு ஆஃபீஸ் டிராயர்ல பத்திரமா இருக்கு, போன் பண்ணா இப்பவே படம் பிடிச்சு அனுப்புவாரு."

டெய்லரக்காவின் பேனா பறந்தது. எக்ஸாமினர் போனை வாங்கி, வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கணக்குப் போட்டார். முப்பத்தேழு வாரம், இரண்டு நாள். மார்க் ஷீட்டில் ஒரு டிக் போட்டார். கீழே இன்னொன்று. இன்னொன்று. கடைசிக் கட்டத்தில் "பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வார்டுக்கு ஆள் அனுப்பக் கதவைத் திறந்தார். டெய்லரக்கா அதைப் பார்க்கவே இல்லை. பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் பால். ரெண்டு வீட்லயும் காலையில ஒரு சொம்பு, ராத்திரி ஒரு சொம்பு. எனக்குப் பால் வாடையே ஆகாது. நாலு மாசமா ஜன்னல் வழியா..." நிறுத்தினாள். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். வலி.

டெய்லரக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் முதுகை நீவிவிட்டாள். எக்ஸாமினர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து விநாடி, அந்த அறையில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பெண் மூச்சை விட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "எதுல விட்டேன்?"

"பால்ல," என்றார் மாமியார், மெல்லிய குரலில்.

எக்ஸாமினர் திரும்பி வந்து, இன்னொரு தாளை எடுத்து டெய்லரக்காவின் பக்கம் நகர்த்தினார்.