பகலில் உறங்கிய டேப்லெட்டுகள்

அன்று காலை மட்டாஞ்சேரி வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி ஜிஷா, நாற்காலியில் வாயைப் பிளந்து உறங்கிக்கொண்டிருந்த அவள் மகள் மதுவந்தி, வயது ஆறு, மொபைல் கடை யூசுப், மேசைமேல் குழந்தைகளுக்கான இரண்டு டேப்லெட்டுகள், மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, கடைசியாக, ஜிஷாவின் அண்ணன் ஜிதின், நிபுணர். அந்தப் பட்டத்தை அவனுக்குக் கொடுத்தது அவனேதான்.

ஏலூரில் ஒரு ரசாயன ஆலையில் இரவு ஷிப்டு பார்த்தவன், ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டான். காரணம் கேட்டவர்களிடம், சொன்னால் தாங்கமாட்டீர்கள் என்பதுபோல் பேசாமல் இருந்தான். சொல்வதற்கு ஒன்றுமில்லை, சலித்துவிட்டது. வேலைதான் போனது, ஷிப்டு போகவில்லை. விடிந்து வெயில் ஏறினால் கண் சொருகும். தெருவிளக்கு எரியும்போது மூளை சுறுசுறுப்பாகும்.

பள்ளி விட்டு வரும் மதுவந்தியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முன்னறையில் இருக்கலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கவேண்டும் என்று ஜிஷா சொல்லியிருந்தாள். பார்த்துக்கொள்வது என்றால் கதவைத் திறந்து பிள்ளையை உள்ளே விட்டு, திரும்பப் படுத்துக்கொள்வது என்று ஜிதின் புரிந்துகொண்டான்.

பிள்ளைக்கு ஒரு டேப்லெட் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பித் தரும்படி யூசுப் கொடுத்தனுப்பினான். ஜிதின் களத்தில் குதித்தான். எதிலும் அவன் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை, இதிலும் கேட்கவில்லை. இரண்டையும் கட்டிலிலிருந்து கீழே போட்டான். மஞ்சள் ரப்பர் உறையோடு துள்ளி எழுந்தது. நீலத்துக்கு எழுதுகோல் உண்டு, விளம்பரத் தொல்லை இல்லை. பிறகுதான் பெரிய குறையைக் கண்டுபிடித்தான்: பகலில் இரண்டும் செத்துக் கிடந்தன. திரையில் தொப்பி போட்ட ஒரு நிலா. எங்கே தொட்டாலும் அசையவில்லை. அதையும் விடாமல் ஒப்பிட்டான். மஞ்சள் சட்டென்று மூடிக்கொள்கிறது, நீலம் மூடப்போவதாக முன்கூட்டியே சொல்கிறது. ஆகவே நீலம் மரியாதை தெரிந்தது. இரண்டுமே மோசடி என்று யூசுப்புக்கு நீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதைக் கேட்டுத்தான் யூசுப் நேரில் வந்திருந்தான்.

ஜிஷா அன்று லீவு போட்டதற்குக் காரணம் வேறு. பிள்ளை வகுப்பில் தினமும் உறங்குகிறாள் என்று டீச்சர் போன் செய்திருந்தார்.

யூசுப் ஜிதினிடம் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி, இரண்டையும் திறந்து பார்த்தான். பிறகு திரையை ஜிஷா பக்கம் திருப்பினான்.

"இதுல கேடு ஒண்ணும் இல்ல, ஜிஷா. இவன்தான் இதை உறங்க வச்சிருக்கான். காலை எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்."

பெட்டியைப் பிரித்த அன்று, குழந்தை உறங்கும் நேரம் என்ன என்று டேப்லெட் கேட்டது ஜிதினுக்கு நினைவு வந்தது. யோசிக்காமல் பதில் போட்டிருந்தான். மனிதர்கள் உறங்குகிற நேரம்தானே.

"அப்ப ராத்திரி முழுக்க இது ஓடியிருக்கு," என்றாள் ஜிஷா. ஆஸ்பத்திரி கவுண்டரில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தால் அவளை இடி விழுந்தாலும் எழுப்ப முடியாது. "அவ முழிச்சிருந்தது உனக்குத் தெரியாதா, சேட்டா?"

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"பசிக்குதுன்னு சொன்னா. கப்பைக் கிழங்கு அவிச்சுக் குடுத்தேன்."

யூசுப் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜிதினுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்காமலே இருந்திருக்கலாம். பிள்ளையும் மாமனும் அடுக்களையில் உட்கார்ந்து கப்பையும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலையும் தின்ற நேரங்களில், என்ன சமர்த்தான குழந்தை, பேசுவதற்கு ஆள் கிடைத்தது என்றுதான் அவன் நினைத்தான். ராத்திரி என்ற எண்ணமே வரவில்லை.

ஜிஷா நீலத்தை யூசுப்பிடம் நீட்டினாள். நீலம்தான் நல்லது என்று நிபுணர் வாயெடுத்தார். அவள் மஞ்சளை அலமாரியில் வைத்தாள். யூசுப் போனபின், நாளையிலிருந்து பக்கத்து வீட்டுக் காமாக்ஷி சேச்சி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி, ஜிதினின் பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

களமசேரியில் பழைய ஷிப்டுக்காரர்கள் சேர்ந்து எடுத்திருக்கும் ரூம் ஒன்று உண்டு. அங்கே போகலாம். ஆனால் வெயில் நன்றாக ஏறிவிட்டது, அவன் கண் சொருகியது.

"ஒரு உறக்கம் போட்டுட்டு சாயங்காலம் போறேனே."

"வேண்டாம், சேட்டா. இப்பவே."

மதுவந்தி நாற்காலியில் புரண்டாள், விழிக்கவில்லை. ஜிதின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பின்னால் கதவு மூடியது. உள்ளே சாவி திரும்பியது.