நிலவறையில் ஈரம்

என் கணவனின் சிநேகிதன் டுவேனின் துப்பாக்கிகள் மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டு நிலவறையில் இருந்தன. அவன் வீட்டு நிலவறையில் ஈரம், துப்பாக்கி துருப்பிடித்துவிடும் என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். உண்மைக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் இருக்கிற எங்கள் ஊரில், ஒரு ஆண்பிள்ளையிடம் போய் "உன்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது" என்று சொல்வதும் நடுத்தெருவில் அவன் கால்சட்டையை உருவுவதும் ஒன்றுதான்.

காகித ஆலையில் அவனை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அதே மாதம் பெண்டாட்டியும் போய்விட்டாள். மதுக்கடையில் குடித்துவிட்டு, "சாகறப்ப நான் தனியாப் போக மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். மறுநாளே என் கணவன் வெண்டலும் இன்னும் இரண்டு சிநேகிதர்களும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவனுடைய துப்பாக்கி அலமாரியைக் காலி செய்தார்கள். "ஈரம்டா" என்றான் வெண்டல். "ஆமாடா, ஈரம்தான்" என்று சொல்லி டுவேனே தூக்கி வண்டியில் ஏற்றினான். எங்கள் பக்கத்தில் இது நடக்கிறதுதான். நல்ல வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தடியர்களில் ஒருவனும் அவனிடம் உட்கார்ந்து பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பரில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அவன் வந்தான். நான் அடுப்பில் மான்கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"வாசனை தூக்குது மார்ஜ். போன வருஷ மானா?"

"வேற எது? கோட்டைக் கழட்டிட்டு உட்காரு. ஒரு கிண்ணம் சாப்பிடு."

உட்கார்ந்தான். கோட்டைக் கழற்றவில்லை. கிண்ணத்தையும் தொடவில்லை.

"வெண்டல், நாளைக்கு வேட்டை. எங்கப்பா ரைஃபிளை எடுத்துக் குடுடா."

டுவேனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவன் அப்பா கையில் கொடுத்த ரைஃபிள் அது. வெண்டல் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"சாவியை எங்க வச்சேன்னு..."

"உன் இடுப்புலதான்டா தொங்குது" என்று சிரித்தான் டுவேன்.

வெண்டலைக் கூடத்துக்கு இழுத்துப் போனேன். "குடுக்காத."

"நாளைக்கு வேட்டை ஆரம்பிக்குது. ஒருத்தன் அவங்கப்பா துப்பாக்கியைக் கேக்கறான். என்னன்னுடி மாட்டேங்கறது?"

"மாட்டேன்னுதான்."

"நம்ம கல்யாணத்துல எனக்குத் தோழனா நின்னவன். அப்புறம் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நிலவறைப் படியில் இறங்கிவிட்டான். நான் சமையலறைக்குத் திரும்பினேன். டுவேன் மேசை விரிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"கிரெட்டா நாளைக்கு வேலைக்கா?"

கிரெட்டா எங்கள் மகள். அதே ஆலையில், அலுவலகத்தில் வேலை. வேட்டை தொடங்கும் நாளில் ஆலையில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அலுவலகப் பெண்களும் மேலாளரும் மட்டும் தப்பாமல் வருவார்கள்.

"ஆமா. ஏன்?"

"லீவு போடச் சொல்லு."

"எதுக்கு?"

"சும்மாதான். வேட்டைக்கு வரட்டுமே."

"அவ வேட்டையை விட்டு எவ்வளவு வருஷமாச்சுன்னு உனக்குத் தெரியாதா? அவளுக்குக் குறி பாக்கக் கத்துக்குடுத்தவனே நீதான்."

அவன் மறுபடி விரிப்பை நீவினான். படியில் வெண்டலின் காலடி கேட்டது. ரைஃபிளை எண்ணெய் போட்டுத் துடைத்து, குண்டு இல்லை என்று பார்த்து, குழலைக் கூரைப் பக்கம் நிமிர்த்திப் பிடித்தபடி ஏறி வந்தான். குழல் மனுஷன் பக்கம் திரும்பக் கூடாது என்பதில் எங்கள் ஆண்கள் படு கண்டிப்பு.

நான் போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"டுவேன், நாளைக்கு யாரைச் சுடப் போற?"

"மார்ஜ்! வாயை மூடு!" என்று கத்தினான் வெண்டல். அவன் முகம் அவமானத்தில் சிவந்துவிட்டது. அவனுக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

டுவேன் எழுந்து என்மேல் பாய்வான் என்று நினைத்தேன். அவன் அசையவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாடை வந்தது, யாரும் போய் அணைக்கவில்லை.

"அப்பாடா, ஒருத்தி கேட்டுட்டா" என்றான் கடைசியில். "இத்தனை மாசமா எல்லாரும் ஈரத்தைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க."

அவன் கை கோட்டுக்குள் போனது. கைத்துப்பாக்கியை எடுத்து மேசையில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். தேவாலயத்துக்குக் கூட இடுப்பில் வைத்துக்கொண்டு வருவானே, அதே துப்பாக்கி. அலமாரியைக் காலி செய்த அன்றும் அது அவன் இடுப்பில்தான் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கைக்கடிகாரம் மாதிரி எப்போதும் உடம்போடு இருப்பதைப் போய் யாராவது கழற்றி வாங்குவார்களா?

"இதை ஏன்டா அன்னைக்கு வாங்கிக்கல?"

நான் கேட்டேன்: "இது கையில இருக்கறப்ப, அதை எதுக்கு வந்து கேட்ட?"

"நீங்க மாட்டேன்னு சொல்வீங்களான்னு பாக்க வந்தேன்." அவன் குரல் உடைந்தது. வெண்டலின் கையிலிருந்த ரைஃபிளைப் பார்த்தான். "துடைச்சு வேற எடுத்துட்டு வந்துட்டியேடா."

வெண்டல் பக்கத்து நாற்காலியில் இடிந்து உட்கார்ந்தான். இரண்டு ஆம்பிளைகளும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ரைஃபிளையும் கைத்துப்பாக்கியையும் நானே கொண்டுபோய் நிலவறையில் பூட்டிவிட்டு மேலே வந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று வெண்டலிடம் டுவேன்தான் கேட்டான். கேட்டுவிட்டு அவனே போய் வண்டியில் ஏறிக்கொண்டான். வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான் வாசலை மறித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"உன்னோடதையும் குடு."

அவன் கை தானாக இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கிக்குப் போனது. "என்னோடதா? நான் என்ன பண்ணேன்?"

"டுவேனும் போன மே வரைக்கும் ஒண்ணும் பண்ணலை."