நாற்பத்தொன்பதாம் நாள் மலர்

ஸ்காபரோவில் அன்புராசாவின் அச்சகத்துக் கணினித் திரையிலிருந்து முதலாவது திபெத்திய எழுத்து கீழே விழுந்தது மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரைக்கு. சேதம், தேத்தண்ணிக் கோப்பை ஒன்று. பெமா என்ற பெண் இறந்துபோன தன் தாய்க்காக அடிக்கக் கொடுத்த நினைவு மலரில் அது இரண்டாம் பக்கம். முதியோர் இல்லத்தில் அன்புராசாவின் மனைவி ரதியோடு வேலை செய்யும் பெமா, ரதியின் தகப்பனுக்கு முப்பத்தோராம் நாள் அடித்த நினைவு மலரைப் பார்த்துவிட்டு, தன் தாய்க்கும் அப்படியொன்று வேண்டுமென்று, திபெத்தியர்கள் கூடி வாழும் பார்க்டேலிலிருந்து வந்திருந்தாள். அவர்களுக்கு நாற்பத்தொன்பது நாள் கணக்கு. அதற்குள் பெயர் சொல்லிப் பிரார்த்திக்காவிட்டால் போன உயிர் வழி தெரியாமல் அலையுமென்று பெமா நம்பினாள். பதினொரு நாள் மிச்சமிருந்தது.

"இஞ்சாரும், எண்ணூறு மலர் அடிச்ச கை இது. ஃபொண்டை மாத்தினால் எந்தப் பாஷையும் நிக்கும்" என்று ரதிக்குச் சொல்லியிருந்தார் அன்புராசா. நிற்கவில்லை. திபெத்திய எழுத்துகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்பவை. அவருடைய கணினியோ இருபது வருடப் பழசு. பழைய தமிழ் ஃபொண்டுகள் அதில்தான் ஓடும் என்பதால், அதை மாற்றச் சொன்னவர்களோடு அவர் கதைப்பதையே விட்டிருந்தார். அதற்கு எழுத்தை வரிசையில் விடத் தெரியும், அடுக்கத் தெரியாது. ஆகவே கீழெழுத்துகள் எல்லாம் திரையின் அடிவிளிம்பால் வழுக்கி விழுந்தன. வியாழக்கிழமை தரையில் எழுத்து கணுக்காலளவு நின்றது. கணினிக் கொம்பனியின் உதவித் தொலைபேசி இலக்கத்தில் ஜெசிகா என்ற பெண், திபெத்திய மொழிக்கு முழு ஆதரவு உண்டென்றும், உங்கள் மேசை சரிவாக இருக்கலாமென்றும் மிக மரியாதையாகச் சொன்னாள். அச்சகம் இருந்த பிளாசாவின் நிர்வாகம், விழுந்தவற்றை மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில்தான் போடவேண்டுமென்று கடிதம் ஒட்டியது. ஊர்ச்சங்கத் தலைவர் கனகசிங்கம் வந்து, தமிழ் எழுத்து ஒருநாளும் இப்படி விழுந்ததில்லை என்று பெருமைப்பட்டு, குவியலோடு படமெடுத்துக்கொண்டு போனார்.

"மிசினைப் பாத்துக்கொண்டு நிக்காமல் கையாலை அடுக்குங்கோவன்" என்றாள் ரதி. பெமா தன் ஃபோனில் சரியான பக்கத்தைக் காட்ட, மூவருமாக எழுத்துகளைப் பொறுக்கி, ஃபொட்டோகொப்பி மிசினின் கண்ணாடியில் அடுக்கிப் பிரதி எடுத்தார்கள். எட்டு நாள் போனது. நூறு மலர் கட்டியாயிற்று. எண்ணூற்றோராவது என்று அன்புராசா பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

நாற்பத்தொன்பதாம் நாள் பார்க்டேல் மண்டபத்தில் லாமா முதல் பக்கத்தைத் திறந்து, வாயெடுத்து, நிறுத்தினார். தாயின் பெயரில் அடியெழுத்து ஒன்றைக் காணவில்லை. நூறு பிரதியிலும் இல்லை. பெமா மலரை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையின்ரை அம்மா பாதிப் பேரோடை எங்கை போறது?" என்று ரதி கேட்டாள். அன்புராசாவுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் தொழிலை நினைத்து வெட்கம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய், கழற்றி வைத்திருந்த, அச்சகத்திலும் போட்டுத் திரிந்த சப்பாத்துக்குள் காலை விட்டார். உள்ளே ஏதோ குத்தியது.

அவர் ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பி வந்து நீட்டிய அந்த அடியெழுத்தை லாமா வாங்கி, சட்டையில் துடைத்து, பெயரின் அடியில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். மற்றத் தொண்ணூற்றொன்பது மலர்களிலும் அது வந்து உட்கார்ந்தது. லாமா பெயரை முழுதாக வாசித்தார். பெமா வாய்விட்டு அழுதாள். பின்வரிசையில் ஒரு கிழவர் விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்ட, எல்லாரும் புரட்டினார்கள்.