மாஸ்டரின் மூச்சும் பூனை மேல் விழுந்த பழியும்

ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற மாஸ்டருக்குத் தன் நெஞ்சைப் பற்றித் தலைகொள்ளாத கர்வம். மாவு மூட்டையை எந்திரத்தில் கவிழ்த்தால் அறையே வெளுத்துப்போகும். அந்தத் தூசி மண்டலத்தின் நடுவே இடுப்பில் கைவைத்து நிற்பதுதான் அவருக்கு வீரம். பக்கத்து மேஜையில் ரொட்டி உருட்டும் பெண், மெதுவாகக் கொட்டும்படி சொல்லிப் பார்த்துவிட்டு, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டாள். அவளுக்கு 'முகமூடி மகாராணி' என்று பட்டம் சூட்டினார். முதலாளியும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு மாஸ்டருக்கு மூக்கு ஒழுகியது. அடுத்து இருமல். அப்புறம் நெஞ்சுக்குள் யாரோ ஓட்டை விசில் ஊதுவதுபோல ஓர் இழுப்பு. பழிபோட ஆள் தேடினார். மனைவியின் முகப்பவுடர் குப்பைக்குப் போனது, தலையணை போனது, கடைசியில் பூனையை மச்சான் வீட்டுக்கு நாடு கடத்தினார். மாவை மட்டும் சந்தேகிக்கவில்லை. சோறு போடுகிற தொழில் ஆயிற்றே.

லீவு கிடைத்தபோது மச்சான் வீட்டில் போய்த் தங்கினார்கள். பூனை பழைய பகை பாராட்டாமல் அவர் நெஞ்சின் மேலேயே படுத்துத் தூங்கியது. இழுப்பைக் காணோம். தன் வீட்டுக் காற்று அப்படி என்று மச்சான் பீற்றிக்கொண்டார். மனைவிக்குத்தான் பொறி தட்டியது. வேலைக்குத் திரும்பிய அன்றே விசில் கேட்கவும், அவரைக் கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் முன்கையில் பூனைமுடி, கோதுமை என்று ஒவ்வொன்றின் சாற்றையும் வரிசையாகச் சொட்டுவிட்டு ஊசியால் லேசாகக் குத்தினார். பூனைக்கான இடம் சும்மா இருந்தது. கோதுமைக்கான இடம் கொசு கடித்ததுபோல் தடித்து வீங்கியது.

"நான் தெனமும் ரொட்டிதான் திங்கிறேன், ஒண்ணும் ஆகலையே," என்றார் மாஸ்டர்.

"தின்னுங்க. மூச்சுல இழுக்காதீங்க. மாவுத்தூசில இருக்கிற புரதத்த உங்க உடம்பு எதிரின்னு முடிவு கட்டிருச்சு."

மாஸ்டர் போய்த் தூசி உறிஞ்சும் எந்திரம் கேட்டார். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாஸ்டர், நீங்களும் மகாராணி ஆயிட்டீங்களா?"

தான் வைத்த பட்டத்தில் இருந்த முள் அப்போதுதான் அவரைக் குத்தியது.

கைகொடுத்தவள் அந்தப் பெண்தான். எந்திரம் வரும்வரை ஒருவரும் மாவில் கைவைக்க மாட்டோம் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முதலாளிக்கு உடனே ஞானம் பிறந்தது. எந்திரமும் வந்தது. ஆனால் மாஸ்டருக்கு இனி இழுப்பு வரச் சிட்டிகைத் தூசியே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மாவு வேலை அவளுக்குப் போனது, அவர் வண்டிக்குப் போனார்.

இப்போது கடை கடையாக ரொட்டி இறக்குகிறார். இறக்குகிற இடமெல்லாம் புரதத்தைப் பற்றிப் பிரசங்கம். மூச்சு வாங்காததால் நிறுத்துவதே இல்லை.